பின்சுவரில் ஒட்டிய பிழைகள்

எழுத வந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். நான் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை வரை படித்தவன். அதிலும் விஞ்ஞானத்தில் சித்தியடையவில்லை. கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் பத்தொன்பது வருடமாக உதவியாளராக இருக்கிறேன். விஞ்ஞானத்தில் தவறியவனுக்கு இந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று சிலர் சிரிப்பார்கள். போத்தல் கழுவ அந்தச் சித்தி தேவைப்படவில்லை. நான்கு பேர் சேர்ந்து நின்றால் எனக்கு வாய் திறக்காது. கடிதம் எழுதினால்கூட இரண்டு வரிக்கு மேல் போகாது. நன்றாக எழுதத் தெரிந்த யாராவது இங்கே படிப்பித்த ஆசிரியை ஒருவரைப் பற்றி எழுதுவார்கள் என்று பார்த்திருந்தேன். ஒருவரும் எழுதவில்லை. எழுதினாலும் அவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. அது தெரிந்த மூன்று பேரில் நான் ஒருவன்.

பெயரை எழுதவில்லை. எழுதலாமா என்று அவரிடம் போய்க் கேட்க எனக்கு முகமில்லை. பிள்ளைகள் கூப்பிட்டதுபோல மிஸ் என்றே எழுதுகிறேன். அவருக்கு அப்போது இருபத்தேழு வயது இருக்கும். எனக்கு நாற்பத்தைந்து. பட்டம் முடித்துவிட்டு அரசாங்க நியமனத்துக்குக் காத்திருந்த காலத்தில், தற்காலிக ஆசிரியையாக எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இரசாயனம் படிப்பிக்க வந்தார். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ரயில், கோட்டையிலிருந்து பஸ். பஸ் மிதிபலகையிலேயே சேலைக் கரை அழுக்காகிவிடும். அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

முதல் நாள் ஆசிரியர் அறைக்குக்கூடப் போகாமல் நேராக ஆய்வுகூடத்துக்கு வந்தார். லாச்சிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார்.

"இதெல்லாம் வேலை செய்யுமா அண்ணை?"

"தெரியாது மிஸ். யாரும் எடுக்கிறதில்ல."

உண்மையும் அதுதான். பிள்ளைகள் ஆய்வுகூடத்துக்கு வருவார்கள், கரும்பலகையில் இருப்பதைப் பார்த்துக் குழாயும் அடுப்பும் படம் கீறுவார்கள், போவார்கள். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து யாராவது பார்வையிட வந்தால் நான் கண்ணாடிச் சாமான்களைத் துடைத்து மேசையில் வரிசையாக வைப்பேன். அவர்கள் போனதும் திரும்ப உள்ளே வைப்பேன்.

மறுவாரம் மிஸ் ஒரு பொலித்தீன் பை நிறையச் சங்குப்பூ கொண்டுவந்தார். வெந்நீரில் போட்டார். தண்ணீர் நீலமானது. பத்தாம் வகுப்பு முழுவதும் மேசையைச் சுற்றி நின்றது. இதற்குள் தேசிக்காய் பிழிந்தால் என்ன நடக்கும், சவர்க்காரத் தண்ணீர் விட்டால் என்ன நடக்கும் என்று கேட்டார்.

"சொல்ல வேண்டாம். முதல்ல எழுதுங்கோ. பேரோட எழுதுங்கோ. பிறகு பாப்பம்."

"மிஸ், பிழையா எழுதினா அடி விழுமா?" என்று ரொஷான் கேட்டான். அவன் வீட்டில் கருவாட்டுக் கடை. கடையிலும் அவன்தான் அதிகம் பேசுவான்.

"அடி இல்ல. பிழையா எழுதினதைச் சுவரில ஒட்டுவன்."

"ஐயோ, அதுக்கு அடியே பரவாயில்ல மிஸ்."

தேசிக்காய் விட்டது ஊதாவானது. சவர்க்காரம் விட்டது பச்சையானது. பச்சை என்று ஒருவரும் எழுதியிருக்கவில்லை. மிஸ் எல்லாத் துண்டுகளையும் வாங்கி, அன்று பின்னேரமே பின்சுவரில் ஒட்டச் சொன்னார். கோதுமை மாவில் பசை காய்ச்சி நான்தான் ஒட்டினேன். ஒவ்வொரு துண்டின் கீழும் பிள்ளைகளே ஒரு வரி எழுத வேண்டும்: நான் இப்படி நினைத்தேன், அப்படி நடக்கவில்லை, இப்போது இப்படி நினைக்கிறேன். முதல் மாதம் வெட்கப்பட்டார்கள். இரண்டாம் மாதம் யாருடையது அதிகம் ஒட்டியிருக்கிறது என்று எண்ணத் தொடங்கினார்கள்.

ஒரு சாமானின் பெயரை அவர் முதலில் சொல்லவே மாட்டார். அமிலம், காரம், காட்டி என்ற சொற்களெல்லாம் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் வரும். "பேரைப் பிறகு சொல்லுறன், அது எங்கயும் ஓடிப் போகாது" என்பார். வீட்டிலிருந்து ஆளுக்கொரு திரவம் கொண்டுவந்து சங்குப்பூத் தண்ணீரில் விட்டுப் பார்க்கலாம் என்று ஒருநாள் சொன்னார். இஞ்சிச் சோடா வந்தது, இளநீர் வந்தது, பல் விளக்கும் பசையைக் கரைத்த தண்ணீர் வந்தது. ஒரு பெடியன் மருந்துப் போத்தலில் எதையோ கொண்டுவந்தான். மிஸ் மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டுத் திரும்ப மூடினார்.

"இதைப் பத்திரமா அப்பாட்டையே குடுங்கோ. தேடப் போறார்."

வகுப்பு சிரித்து முடியக் கனநேரம் எடுத்தது.

ஆனால் நான் சொல்ல வந்த குணம் இது அல்ல. அவர் தன்னுடைய ஊகத்தையும் பிள்ளைகளோடு சேர்த்து எழுதுவார். விடை தெரிந்ததை மட்டும் செய்துகாட்டும் ஆளில்லை அவர். தனக்கே தெரியாததைத் தேடிப் பிடித்து வருவார். ஒருமுறை முப்பது இரும்பாணி வாங்கி, பிள்ளைகளிடம் ஆளுக்கொன்று கொடுத்து, வீட்டில் விரும்பிய இடத்தில் வைத்து இரண்டு கிழமையில் கொண்டுவரச் சொன்னார். எது முதலில் கறள் பிடிக்கும்? துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கும் வீட்டு ஆணி என்று மிஸ் எழுதினார். கடல்காற்று, உப்பு, ஈரம் என்று காரணமும் எழுதினார். இரண்டு கிழமை கழித்துப் பார்த்தால் துறைமுக ஆணிகள் அங்கங்கே பொட்டுப் பொட்டாக இருந்தன. ரொஷானின் ஆணி முழுவதும் செம்மண் நிறத்தில் உதிர்ந்துகொண்டிருந்தது. கருவாட்டுச் சாக்கின் அடியில் வைத்திருக்கிறான்.

மிஸ் அதைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்தார். முகம் மலர்ந்திருந்தது.

"எனக்குப் பிழைச்சுப் போச்சு. எழுதுங்கோ, மிஸ்ஸுக்குப் பிழைச்சுப் போச்சு எண்டு."

ரொஷான் தானே போய்ப் பசைச் சட்டியைத் தூக்கி வந்தான். மிஸ்ஸின் துண்டைச் சுவரின் நடுவில் ஒட்டினான்.

எனக்கு அது புதுமையாக இருந்தது. நான் பார்த்த ஆசிரியர்கள் கரும்பலகையில் பிழையாக எழுதினால், பிள்ளை சுட்டிக்காட்ட முதல் அவசரமாக அழித்துவிடுவார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். என் தகப்பன் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். பிழை விட்டவனுக்கு அடுத்த நாள் வேலை இல்லை என்பார். அப்படி வளர்ந்தவன் நான். இந்தப் பெண்ணோ பிழையைப் பரிசு வாங்கியதுபோலத் தூக்கிக் காட்டினார்.

என்னையும் இழுக்கப் பார்த்தார். "அண்ணை, நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?" என்று அலுமாரிப் பக்கம் திரும்பிக் கேட்பார். நான் கேளாததுபோலக் குழாய்களை அடுக்குவேன். ஒரேயொரு முறை மாட்டிக்கொண்டேன். நெட்டை மெழுகுதிரி ஒன்றும் குட்டை மெழுகுதிரி ஒன்றும் கொளுத்தி, இரண்டையும் சேர்த்துப் பெரிய கண்ணாடிச் சாடியால் மூடினால் எது முதலில் அணையும் என்று கேட்டிருந்தார். குட்டைதான் என்று வகுப்பு முழுவதும் எழுதியது. எங்கள் மாதா கோயிலில் மெழுகுதிரி வைக்கும் கண்ணாடிப் பெட்டியின் மூடியைக் காற்றுக்குச் சாத்தினால் நெட்டைதான் முதலில் சாகும். சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒரு துண்டில் நெட்டை என்று எழுதி, யாரும் பார்க்காமல் மிஸ்ஸின் வரவுப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன்.

நெட்டை அணைந்தது. மிஸ் புத்தகத்தைத் திறந்து எல்லோருக்கும் கேட்க வாசித்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள். நான் பின்னறைக்குள் போய்க் கழுவிய குழாய்களையே திரும்பக் கழுவிக்கொண்டு நின்றேன். வகுப்பு முடிந்ததும் வந்து எட்டிப் பார்த்தார்.

"உங்களோட ஒரு கரைச்சல் அண்ணை. சரியாச் சொன்னா ஒட்டேலாது. அடுத்த முறை பிழையாச் சொல்லுங்கோ, சுவரில போடுவம்."

எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆசிரியர் அறையில் அவரை எல்லோருக்கும் பிடித்திருந்தது என்று சொல்ல மாட்டேன். "ஆய்வுகூடத்தில இண்டைக்கு என்ன சமையல்?" என்று கேட்பார்கள். பாடத்திட்டம் முடியவில்லை, பரீட்சைக்குப் பூவும் ஆணியுமா வரும் என்று பள்ளிக்கூட அதிபரிடம் சொன்னவர்களும் உண்டு. அதிபர் மோசமானவர் அல்ல, பயந்தவர். நிரந்தர நியமனத்துக்கு மிஸ்ஸைப் பற்றி அவர் ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகுதான் நாட்டில் எதுவுமே கிடைக்காத வருடம் வந்தது. காஸுக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை. ஆய்வுகூடத்துக்கு இரசாயனப் பொருள் கேட்டு எழுதினால் பதில் வரவில்லை. சல்பூரிக் அமிலம் முடிந்துவிட்டது. செறிந்த அமிலத்தை மிஸ் எழுதித் தரும் அளவுப்படி தண்ணீரில் கலந்து, 'ஐதானது' என்று துண்டு ஒட்டிய போத்தலில் நிரப்புவது என் வேலை. அந்தப் போத்தல் வெறுமையாக இருந்தது. மக்னீசிய நாடாவில் அமிலம் ஊற்றி, வரும் வாயுவைக் குழாயில் பிடித்து, நெருப்புக் காட்டி வெடிக்கச் செய்யும் பாடம் அடுத்த கிழமை இருந்தது.

"பரவாயில்ல அண்ணை, வினாகிரியில செய்வம். மெல்லமாத்தான் வரும், வரட்டும்" என்றார்.

அத்தோடு விட்டிருக்கலாம். அவருக்கு நல்ல அமிலம் தேடிக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. எங்கள் வீட்டு ஒழுங்கைக்குக் கிட்ட வாகனப் பற்றரி திருத்தும் கடை இருக்கிறது. பற்றரிக்குள் விடுவதும் சல்பூரிக் அமிலம்தான் என்று எனக்குத் தெரியும். கடைக்காரனிடம் இது கடுமையானதா என்று கேட்டேன்.

"நே அய்யே, வத்துர தாலா தமய் தியென்னே," என்று சிங்களத்தில் சொன்னான். தண்ணீர் கலந்துதான் இருக்கிறது என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. தண்ணீர் கலந்ததுதான். தண்ணீர் கலந்தது என்றால் ஐதானது, ஐதானது என்றால் ஐதானதுதான் என்று நான் நினைத்தேன். எவ்வளவு தண்ணீர் என்று கேட்க வேண்டும் எனத் தோன்றவில்லை. அப்படியே அந்தப் போத்தலில் நிரப்பி வைத்தேன்.

பாடத்தன்று காலை மிஸ் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"எங்கால அண்ணை இது?"

அதிபரின் அனுமதி இல்லாமல் வெளியில் வாங்கிப் பாவிக்கக் கூடாது என்பது பள்ளிக்கூட விதி. சொன்னால் நன்றி சொல்வார், நாலு பேருக்கு முன்னால் சொல்வார், அந்தக் கூச்சம் வேறு.

"பழைய அலுமாரிக்குள்ள இருந்திச்சு மிஸ்" என்றேன்.

அவர் அதை நம்பினார்.

அன்று குழாயைப் பிடித்தவள் பிரியா என்ற பிள்ளை. மூக்குக்கண்ணாடி போட்ட, அதிகம் கதைக்காத பிள்ளை. மிஸ் நாடாவை அளந்து வெட்டிக் குழாயில் போட்டார், அமிலம் ஊற்றினார், வாயைப் பெருவிரலால் மூடிப் பிடிக்கச் சொன்னார். மெல்ல நுரைக்க வேண்டியது ஒரே மூச்சில் பொங்கி எழுந்தது. குழாய் சுட்டிருக்க வேண்டும். பிள்ளை விரலை எடுக்க, சூடான அமிலம் அவளுடைய முகத்திலும் கழுத்திலும் தெறித்தது. மிஸ் பிள்ளையை இழுத்துத் தண்ணீர்க் குழாயடிக்குக் கொண்டுபோய், தலையைத் தண்ணீருக்குக் கீழே பிடித்தார். கால் மணித்தியாலம் விடவில்லை. இருவரும் தெப்பமாக நனைந்து நின்றார்கள். மூக்குக்கண்ணாடி இருந்தபடியால் கண் தப்பியது. கன்னத்தில் ஒரு கொட்டைப்பாக்கு அளவுக்குத் தோல் போய்விட்டது.

பின்னேரம் பிரியாவின் தகப்பன் வந்தார். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவர். வேலை உடுப்போடே அதிபரின் அறைக்குள் நின்றார். நான் நாற்காலி கொண்டுபோய் வைக்கக் கூப்பிடப்பட்டேன். அவர் உட்காரவில்லை.

"எம் புள்ளைக்குக் கண்ணு போயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"என்ன நடந்தது மிஸ்?" என்று அதிபர் கேட்டார்.

மிஸ்ஸின் சேலை இன்னும் காயவில்லை. நேராக நின்றுதான் சொன்னார்.

"எனக்குப் பிழைச்சுப் போச்சு சேர். நாடாவைக் கூடப் போட்டிட்டன் போல. எங்க எண்டு விளங்கேல்ல, ஆனா பிழை என்னிலதான்."

நான் கதவடியில் நின்றேன். நாலு அடி தூரம். சொல்லியிருக்கலாம். பற்றரிக் கடை என்று இரண்டு சொல் போதும். "நீங்க போகலாம்" என்று அதிபர் என்னைப் பார்த்துச் சொன்னார். நான் போனேன். போய், அந்தப் போத்தலில் மிஞ்சியதைத் தொட்டியில் ஊற்றி, தண்ணீரைத் திறந்துவிட்டு, போத்தலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். பதற்றத்தில் செய்தேன் என்று சொல்ல முடியாது. வழமைபோல மூன்று முறை அலசினேன்.

அந்தக் கிழமையோடு மிஸ்ஸை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நியமனத்துக்கான கடிதமும் எழுதப்படவில்லை. பிள்ளைகளை ஊகிக்கவிட்டு விளையாட்டுக் காட்டியதால் வந்த வினை என்று ஆசிரியர் கூட்டத்தில் அதிபர் சொன்னார். சுவரைச் சுத்தமாக்கும் வேலையும் எனக்குத்தான் வந்தது. மாவுப் பசை நன்றாக இறுகியிருந்தது. கரண்டியால் சுரண்டினேன். ரொஷான் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனான்.

ஆறு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்குப் போகாமல் வெள்ளவத்தைக்குப் பஸ் ஏறினேன். விலாசம் வரவுப் புத்தகத்தின் உள்மட்டையில் இருந்தது. கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் மூன்றாம் மாடி. கதவைத் திறந்தவர் மிஸ்தான். காப்புறுதிக் கம்பனி ஒன்றில் வேலைக்குப் போவதாகச் சொன்னார். மெலிந்திருந்தார்.

"வாங்கோ அண்ணை, இருங்கோ. தேத்தண்ணி குடிப்பீங்கள் தானே?"

நான் நின்றபடியே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும். கடை, பொய், போத்தல் கழுவியது எல்லாம் சொன்னேன்.

முதலில் கேள்வி கேட்டார், பாடம் நடத்துவதுபோல. எந்தக் கடை? தண்ணீர் சேர்த்தீர்களா, ஒரு சொட்டும் சேர்க்கவில்லையா? மின்சார பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார்.

"நாலு மடங்குக்கு மேல கடுமை," என்றார். பென்சிலை வைத்தார். "அப்ப மக்னீசியம் சரியாத்தான் போட்டிருக்கிறன்."

சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே ரயில் ஒன்று போனது.

"ஆறு மாசம் அண்ணை. ஒவ்வொரு நாளும் அந்த நாடாவைத் திரும்பத் திரும்ப அளந்து பாத்தன், மனசுக்குள்ள. எங்க பிழை விட்டனான் எண்டு பிடிபடவே இல்ல. பக்கத்தில ரியூசன் வகுப்புக்குக் கேட்டவை, நான் போகேல்ல. என்ர கையில எனக்கு நம்பிக்கை இல்லாமல் போச்சு. அடுப்பை நிப்பாட்டினனோ எண்டு ரெண்டு தரம் எழும்பிப் போய்ப் பாக்கிறன்."

"மன்னிச்சுக்கங்க மிஸ்."

"போத்தலை நான் நினைக்காமல் இல்ல. ஆனா அலுமாரியில இருந்தது எண்டு நீங்கள் சொன்னீங்கள். உங்களைச் சந்தேகிக்கிறது சரியில்ல எண்டு விட்டிட்டன். ஊத்த முதல் ஒரு துளி சோதிச்சுப் பாத்திருக்க வேணும். அதுவும் என்ர பிழைதான். ஆனா அது வேற பிழை."

தேத்தண்ணி போடவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. கதவு வரை வந்தார்.

"எனக்கு அந்த வேலை இனி வேண்டாம். ஆனா ரெண்டு பேரிட்டச் சொல்லுங்கோ. பிரியாட்டச் சொல்லுங்கோ, தான் விரலை எடுத்ததாலதான் எண்டு அது அழுதது. மற்றது அதிபரிட்ட."

"சொல்றேன் மிஸ்" என்றேன்.

அதன்பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. திரும்பப் படிப்பிக்கப் போனாரா என்று தெரியாது. போயிருப்பார் என்று நினைத்துக்கொள்ள ஆசைதான். அதற்கு எனக்கு எந்த உரிமையும் இல்லை. அவர் கேட்ட இரண்டில் இன்றுவரை ஒன்றைத்தான் செய்திருக்கிறேன்.

மறுநாள் திங்கட்கிழமை. இடைவேளைக்குப் பிரியாவை ஆய்வுகூடத்துக்கு வரச்சொல்லி விஷயத்தைச் சொன்னேன். கன்னத்தில் தழும்பு வெளுத்திருந்தது.

"அப்ப நான் விரலை எடுத்ததால இல்லையா அண்ணே?"

"இல்ல."

"மிஸ்ஸுக்குத் தெரியுமா?"

"நேத்துத்தான் சொன்னேன்."

"நேத்தா?" என்றாள். மணி அடித்தது, வகுப்புக்குப் போனாள்.

நான் அதிபரின் அறைக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. வலயத்தில் கூட்டம் என்று அலுவலக எழுதுவினைஞர் சொன்னார். திரும்பி வந்தேன். புதிதாக வந்த ஆசிரியர் பார்வையிட ஆட்கள் வருவதாகச் சொல்லி, இருபது சோதனைக் குழாய் துடைத்து வைக்கச் சொன்னார். துடைத்து வைத்தேன்.